எந்த ஸ்லாட் கேன்யன்? யூட்டா, அரிசோனா கார்ப் பயணத்துக்கு முன் முடிவு செய்ய வேண்டியது

லாஸ் வேகஸில் இறங்கி, ஏர்போர்ட்டிலேயே வாடகைக் கார் எடுத்து, ஒரு வாரத்தில் ஸயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் என்ற மூன்று தேசியப் பூங்காக்களையும் பார்த்துவிட்டுத் திரும்புவது அமெரிக்கத் தமிழர்களிடம் நன்றாகப் பழகிப்போன திட்டம். ஹோட்டல் எல்லாம் போட்டு முடித்த பிறகுதான், “போற வழியில ஒரு ஸ்லாட் கேன்யனையும் பாத்துடலாமா?” என்ற கேள்வி வரும். ஸ்லாட் கேன்யன் என்பது பாறையை வெள்ளம் அறுத்து உண்டாக்கிய ஆழமான, மிகக் குறுகலான இடுக்கு. இந்த வரிசையே தலைகீழ் என்பது என் கட்சி. தேசியப் பூங்காவுக்கு எந்த மாதம் போனாலும் பார்க்க ஏதாவது இருக்கும். ஸ்லாட் கேன்யன் அப்படியல்ல. முன்பதிவு, மழை, மண் சாலை, கூட வருகிறவரின் முழங்கால் என்று நாலு பக்கமும் கட்டுப்பாடு. எனவே முதலில் கேன்யனை முடிவு செய்யுங்கள், பிறகு அதைச் சுற்றிப் பூங்காக்களை அடுக்குங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு கேன்யன் போதும். நாலைந்தைப் பட்டியல் போட்டு எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வருகிறவர்களுக்குக் கடைசியில் மிஞ்சுவது கார் சீட்டின் ஞாபகம்தான்.

எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதற்கு முன் இவை எப்படி உண்டாயின என்று ஒரு வார்த்தை. இங்கே முழுக்கப் பரவிக் கிடப்பது நவாஹோ மணற்கல். டைனோசர் காலத்துப் பாலைவன மணல்மேடுகள் இறுகிக் கல்லானது அது, வயது 18 கோடி ஆண்டுக்கு மேல். அதில் விழுந்த விரிசலுக்குள் மழை வெள்ளம் மணலை அள்ளிக்கொண்டு பாய்கிறது. அந்த மணல்தான் பாறையை அறுக்கிறது. அறுப்பு கீழ்நோக்கி வேகமாகப் போவதால் இடுக்கு ஆழமாகிறதே தவிர, அந்த அளவுக்கு அகலமாவதில்லை. வெள்ளம் இந்த வேலையை இன்னும் முடிக்கவில்லை என்பதுதான் பயணம் போகிறவர் மறக்கக் கூடாத விஷயம். 1997 ஆகஸ்ட் 12 அன்று லோயர் ஆன்டிலோப் கேன்யனுக்குள் இருந்த 11 சுற்றுலாப் பயணிகள் வெள்ளத்தில் செத்துப்போனார்கள். அவர்கள் நின்ற இடத்தில் சொல்லிக்கொள்ளும்படி மழையே இல்லை. பல மைல் தள்ளி மேட்டில் கொட்டிய இடிமழை இடுக்கு வழியாக வந்து சேர்ந்தது. 2015 செப்டம்பர் 14 அன்று ஸயானில் கீஹோல் கேன்யனுக்குள் இறங்கிய ஏழு பேரும் அப்படித்தான் போனார்கள்.

ஆகவே முதல் கேள்வி, எந்த மாதம் போகிறீர்கள்? இந்தப் பகுதிக்கும் ஒரு பருவமழை உண்டு, அவர்களும் மான்சூன் என்றே சொல்கிறார்கள். ஜூலை தொடக்கத்திலிருந்து செப்டம்பர் நடு வரை. காலையில் வானம் துடைத்து வைத்தாற்போல இருக்கும், மதியம் இரண்டு மணிக்கு இடி இடிக்கும். பள்ளிக்கூட விடுமுறை, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்கும் காலம் எல்லாம் இதோடுதான் மோதுகிறது. இந்த மாதங்களில் போயே தீர வேண்டும் என்றால் உங்கள் தேர்வு பாதியாகச் சுருங்கிவிடும்.

இப்போது ஆன்டிலோப். அரிசோனாவில் பேஜ் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில், நவாஹோ பழங்குடி மக்களின் நிலத்தில் இருக்கிறது. அவர்களிடம் உரிமம் பெற்ற வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே போக முடியும். தனியாக நுழைய வழியே இல்லை. தேசியப் பூங்கா பாஸ் இங்கே செல்லாது. அப்பர், லோயர் என்று இரண்டு பகுதி, இரண்டுக்கும் டிக்கெட் தனித்தனி. அப்பர் கீழே அகலம், மேலே குறுகல். அதனால்தான் வெயில் காலத்தில் நண்பகல் வாக்கில் ஒளிக்கற்றை நேர்க்கோடாகத் தரையில் இறங்குகிறது. வழிகாட்டி ஒரு பிடி மணலை அள்ளி வீசினால் அந்தக் கற்றை தூண் மாதிரி துலங்கும். லோயர் அதற்கு நேர்மாறு, கீழே குறுகல், மேலே அகலம். ஒளிக்கற்றை அவ்வளவாகக் கிடைக்காது, ஆனால் சுவர்களின் வளைவும் நெளிவும் இங்கேதான் அழகு. இறங்குவதற்குச் செங்குத்தான இரும்பு ஏணிகள். 1997க்குப் பிறகு பழைய மர ஏணிகளை எடுத்துவிட்டுப் பாறையில் போல்ட் அடித்து மாட்டியவை.

பணம் என்று பார்த்தால் அப்பரின் நண்பகல் டிக்கெட் தலைக்கு நூறு டாலரைத் தாண்டுகிறது, மாதக்கணக்கில் முன்னாலேயே விற்றும் போகிறது. உள்ளே போனால் திருப்பதி தரிசன வரிசைதான். முன்னால் ஒரு கூட்டம், பின்னால் ஒரு கூட்டம், நடுவில் ‘ஜருகண்டி’. பை, ட்ரைபாட், செல்ஃபி குச்சி எதற்கும் அனுமதி இல்லை. ஒரு நல்ல விஷயம், வழிகாட்டிகளுக்கு எந்த வளைவில் எந்தக் கோணம் என்று மனப்பாடம். உங்கள் போனை வாங்கி, கேமராவில் நிறத்தைக் கூட்டும் ஃபில்டரைப் போட்டுக் கையில் கொடுப்பார்கள். இணையத்தில் பார்த்த அந்த எரியும் ஆரஞ்சும் ஊதாவும் அப்படித்தான் வருகின்றன. வெறும் கண்ணுக்குத் தெரிவது அதைவிட மங்கல், மண்ணின் செம்மையும் சந்தன நிறமும் கலந்த ஒன்று. எனக்கு அதுதான் பிடிக்கும் என்பது வேறு கதை. படத்தை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்களில் சிலர் ஏமாந்துதான் வருகிறார்கள்.

அப்பரா லோயரா என்றால், ஏணி இறங்க முடிந்தவர்கள் லோயருக்கே போகலாம். விலையும் குறைவு, நடப்பதற்கும் சுவாரசியம். பெரியவர்கள் கூட இருந்தால் அப்பர், தரை சமமாக இருக்கும். ஆனால் கேன்யன் முடிந்த பிறகு வெளியே இரும்புப் படிகளில் ஏறி மேட்டைச் சுற்றித்தான் வண்டிக்குத் திரும்ப வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போங்கள். அதே கேன்யனின் இன்னொரு துண்டை ‘ஆன்டிலோப் எக்ஸ்’ என்ற பெயரில் காட்டுகிறார்கள். கூட்டம் குறைவு. கடைசி நேரத்தில் டிக்கெட் தேடுகிறவர்களுக்கு அதுவே கதி, மோசமான கதியும் இல்லை.

பேஜில் கடிகாரத்தைக் கவனிக்க வேண்டும். அரிசோனா கோடைகாலத்துக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. யூட்டா மாற்றுகிறது. அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவாஹோ நிலமும் மாற்றுகிறது. ஆனால் ஆன்டிலோப் டூர்கள் நடப்பது அரிசோனா நேரத்தில். எந்த டவரைப் பிடிக்கிறதோ அதற்கேற்ப உங்கள் போன் ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தாவிக்கொண்டே இருக்கும். பேஜில் இருக்கும் வரை போனைக் கையால் ஃபீனிக்ஸ் நேரத்துக்கு மாற்றி வைத்துவிடுங்கள். யூட்டாவில் கடிகாரம் மாறியிருக்கும் மாதங்களில், பேஜிலிருந்து அந்தப் பக்கம் கிளம்பும் அன்று ஒரு மணி நேரம் பறிபோகும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடுத்து ஸயானின் நாரோஸ். சுத்தக்காரர்கள் இதை ஸ்லாட் கேன்யன் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வர்ஜின் ஆறு வருடம் முழுக்க ஓடுகிறது, மிகக் குறுகின இடத்திலேயே இருபது முப்பது அடி அகலம் இருக்கிறது. ஆனால் சுவர் ஆயிரம் அடி உயரம். நடக்கும் பாதை ஆறேதான். ஷட்டில் பஸ்ஸின் கடைசி நிறுத்தமான டெம்பிள் ஆஃப் சினவாவாவில் இறங்கினால் ஒரு மைல் சிமென்ட் பாதை. அது முடியும் இடத்தில் தண்ணீரில் கால் வைக்க வேண்டியதுதான். அடியில் பாசி பிடித்த உருண்டைக் கற்கள், முழங்கால் வரை தண்ணீர், சில இடங்களில் இடுப்பு வரை. ஸயான் வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேல் ஊர்க் கடைகளில் நீர் புகுந்தாலும் வழுக்காத பூட்ஸ், நியோப்ரீன் சாக்ஸ், ஆள் உயரக் கழி மூன்றையும் சேர்த்து வாடகைக்குக் கொடுக்கிறார்கள். பூட்ஸில் கஞ்சத்தனம் பார்த்தாலும் கழியில் பார்க்காதீர்கள். கலங்கிய தண்ணீரில் அடுத்த கல் எங்கே என்று கழிதான் சொல்லும்.

நாரோஸின் பெரிய பலம், எங்கே வேண்டுமானாலும் திரும்பிக்கொள்ளலாம் என்பது. கீழிருந்து மேலே போகிறவர்களுக்குத் தனி பர்மிட் கிடையாது, பூங்கா கட்டணம் மட்டும்தான். பிக் ஸ்பிரிங் என்ற ஊற்று வரை போகலாம், அதற்கு மேல் அனுமதி இல்லை. அதுவரை போய்த் திரும்ப ஒன்பது மைலுக்கு மேல், ஒரு முழுப் பகல். கூட்டம் முதல் ஒரு மணி நேரத்தோடு சரி, பிறகு ஆறு உங்களுக்குத்தான். வீட்டுப் பெரியவர்கள் சிமென்ட் பாதையின் கடைசி வரை வந்து ஆற்றோரம் உட்கார்ந்திருக்கலாம், இளையவர்கள் மேலே போய் வரலாம். மூன்று தலைமுறை ஒரே காரில் போகும் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இந்த வட்டாரத்தில் இல்லை. திரும்பும்போது மட்டும் கடைசி ஷட்டில் எத்தனை மணிக்கு என்று தெரிந்து வைத்திருங்கள். விட்டால் விசிட்டர் சென்டருக்கு ஏறக்குறைய எட்டு மைல் நடை.

பலவீனமும் ஆறுதான். மலைப்பனி உருகும் வசந்த காலத்தில் தண்ணீர் விநாடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் மூடிவிடுவார்கள். சில வருடம் ஏப்ரல், மே முழுக்கக் கதவு சாத்தியிருக்கும். 2020 முதல் ஆற்றில் நச்சுப்பாசி பற்றிய எச்சரிக்கைகளும் வந்துகொண்டிருக்கின்றன. தண்ணீரை விழுங்காதீர்கள், குழந்தைகளை முங்க விடாதீர்கள். செப்டம்பர் கடைசியும் அக்டோபரும்தான் இதற்கு உச்சம்.

நான் கட்சி கட்டுவது மூன்றாவதற்கு: வயர் பாஸும், அது போய்ச் சேரும் பக்ஸ்கின் கல்ச்சும். கனாப், பேஜ் இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய நடுவில், நெடுஞ்சாலை 89இலிருந்து ஹவுஸ் ராக் வேலி சாலையில் எட்டு மைல் சொச்சம். தலைக்கு 6 டாலர் பர்மிட், ஆன்லைனில் கட்ட வேண்டும். அங்கே போன பிறகு சிக்னலைத் தேடாமல் ஹோட்டலிலேயே கட்டிவிட்டுக் கிளம்புங்கள். ஒரு நாள் நடைக்கு ஆள் எண்ணிக்கை வரம்பு கிடையாது. ‘தி வேவ்’ என்ற புகழ்பெற்ற பாறைக்குப் போகிறவர்களும் வண்டி நிறுத்துவது இங்கேதான். அதற்கு நாளைக்கு 64 பேர் மட்டும், அதுவும் லாட்டரியில். லாட்டரி விழாதவர்கள் ஆறுதலுக்கு வயர் பாஸ் பக்கம் திரும்புவார்கள். ஆறுதல் பரிசு என்று நினைத்து வருகிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு திரும்புவதுதான் வழக்கம்.

முதல் ஒரு மைல் திறந்த மணல் ஓடை, வெயில் தலையில் இறங்கும். பிறகு சுவர்கள் நெருங்குகின்றன. தோள் இரண்டு பக்கமும் உரசும் அளவு. நடுவில் ஓர் இடத்தில் பாறைக்கற்கள் அடைத்துக்கொண்டு எட்டடிப் பள்ளம், ஏணி வைத்திருப்பார்கள். வெள்ளம் வந்தால் ஏணியும் போய்விடும், திரும்ப வைக்கும் வரை கைகொடுத்து இறங்க வேண்டியதுதான். தொடக்கத்திலிருந்து 1.7 மைலில் பக்ஸ்கின் வந்து சேரும். அந்தச் சந்திப்பில் சுவரின் அடிப்பக்கம் காட்டாடுகளைக் கொத்திய பழைய பாறைச் செதுக்கல்கள் இருக்கின்றன, அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள். அங்கிருந்து பக்ஸ்கின் ஒரு டஜன் மைலுக்கு மேல் நீள்கிறது. உலகின் மிக நீளமான ஸ்லாட் கேன்யன்களில் ஒன்று. அரை மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பினாலே போதும். ஆன்டிலோப்பில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும். வழிகாட்டி இல்லை, வரிசை இல்லை, நின்று பார்க்க நேரம் இருக்கிறது. ஒரு தடவை தலையை நிமிர்த்திப் பாருங்கள். உங்கள் உயரத்துக்குப் பல மடங்கு மேலே, இரண்டு சுவருக்கும் நடுவில் முழு மரக்கட்டை குறுக்கே சிக்கிக் கிடக்கும். பட்டையெல்லாம் உரிந்து, வெளுத்து. அதை யாரும் ஏறி வைக்கவில்லை. தண்ணீர் அந்த உயரத்தில் வந்து வைத்துவிட்டுப் போனது.

இதன் இரண்டு கெடுதிகளையும் மறைக்க மாட்டேன். சாலை களிமண். காய்ந்திருந்தால் சாதாரணக் கார் மெதுவாகப் போய்விடும். நனைந்துவிட்டால் ஃபோர் வீல் டிரைவும் கையை விரித்துவிடும். இரண்டாவது, பக்ஸ்கினுக்குள் வெகுதூரத்துக்கு ஏறி வெளியே வர இடமே இல்லை. மான்சூன் தாண்டினால் பயமில்லை என்றும் நினைக்க வேண்டாம். 2023 மார்ச்சில், மழையும் பனியுருகலும் சேர்ந்த வெள்ளத்தில், பல நாள் நடைக்கு இறங்கியவர்களில் இருவர் இங்கே இறந்தார்கள். மேலும் மழை பெய்து வாரங்கள் ஆன பிறகும் உள்ளே சேற்றுக்குட்டைகள் மிஞ்சி நிற்கும். வெயில் படாத தண்ணீர், கோடையிலும் கால் மரத்துப்போகும்.

யூட்டாவில் எஸ்கலாண்டே என்ற ஊர்ப் பக்கம் பீக்-அ-பூ, ஸ்பூக்கி என்ற ஜோடிக் கேன்யன்கள் இருக்கின்றன. உடம்பு வளையும் இளைஞர் கூட்டத்துக்கு இதைவிட விளையாட்டு வேறில்லை. பீக்-அ-பூவுக்குள் நுழையவே ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு பாறையில், செதுக்கிய கால்குழிகளைப் பிடித்து ஏற வேண்டும். ஸ்பூக்கியில் சில இடங்கள் ஒரு அடி அகலம்கூட இல்லை. பையைக் கழற்றிக் கையில் பிடித்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, மூச்சை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் நகர வேண்டும். தொப்பை இருந்தால் வெளியிலேயே நின்றுவிடுவது மரியாதை. அடைபட்ட இடம் என்றால் பயம் உள்ளவர்கள் வரவே வேண்டாம். கட்டணம் எதுவும் இல்லை. விலை சாலையில் இருக்கிறது. ஹோல்-இன்-தி-ராக் சாலையில் 26 மைல், பற்களெல்லாம் ஆடும்படி அலை அலையாக நெளிந்த மண். வாடகைக் கார் ஒப்பந்தங்களில் பொதுவாக மண் சாலைக்குத் தடை உண்டு. அங்கே டயர் வெடித்தால் காப்பீடும் வராது, சிக்னலும் இருக்காது. எஸ்கலாண்டே ஊரில் ஜீப் வாடகைக்குக் கிடைக்கிறது, அதை எடுத்துக்கொள்வதே புத்தி. ஜூலை, ஆகஸ்டில் இந்தப் பக்கம் போகவே வேண்டாம். நிழல் கேன்யனுக்குள் மட்டும்தான், வந்த வழியே திரும்பும் மணல் ஏற்றத்தில் துளி நிழல் இல்லை.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி. எஸ்கலாண்டே, ஹேங்க்ஸ்வில் மாதிரி ஊர்களில் சைவம் என்றால் சீஸ் சாண்ட்விச்சோடு கதை முடியும், ஞாயிற்றுக்கிழமை அதுவும் சந்தேகம். புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் கையில் இருந்தால் சோற்றுக்கு மோட்டல் மைக்ரோவேவ் போதும்.

குழந்தைகளோடு, கிழக்கு யூட்டாவின் மோவாப் ஊர் வரை போகிறவர்களுக்கு லிட்டில் வைல்ட் ஹார்ஸ் என்ற கேன்யன் இருக்கிறது. கேபிடல் ரீஃப் தேசியப் பூங்காவுக்கும் மோவாபுக்கும் இடையில், கோப்ளின் வேலி மாநிலப் பூங்காவுக்கு ஐந்து மைல் மேற்கே. அதற்குக் கட்டணம் இல்லை. சாதாரணக் கார் போகும், ஏணி கிடையாது, ஒன்றிரண்டு இடத்தில் கைதூக்கி விட்டால் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் தாங்களே நடப்பார்கள். பெல் கேன்யனோடு சேர்த்துச் சுற்றினால் எட்டு மைல், அது பிள்ளைகளுக்கு அதிகம். போன வழியே திரும்பிவிடுங்கள்.

இனி வழி. ஆன்டிலோப் என்று முடிவானால் வேகஸ், ஸயான், பேஜ், கிராண்ட் கேன்யன் சவுத் ரிம், வேகஸ் என்று வட்டம் தானாக அமையும். ஸயானிலிருந்து பேஜ் இரண்டு மணி நேரத்துச் சொச்சம், பேஜிலிருந்து சவுத் ரிம் இரண்டரை மணி நேரம். வயர் பாஸும் இதே வட்டத்தில் விழுகிறது, கனாபில் ஓர் இரவு தங்கினால் போதும். நாரோஸுக்கு ஸ்பிரிங்டேலில் குறைந்தது இரண்டு இரவு. முதல் நாள் ஆறு எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு மறுநாள் இறங்கலாம். மீதி நேரத்துக்கு இரண்டு மணி தூரத்தில் பிரைஸ். எஸ்கலாண்டே, லிட்டில் வைல்ட் ஹார்ஸ் இரண்டும் வேறு பயணம். பிரைஸிலிருந்து நெடுஞ்சாலை 12 பிடித்து கேபிடல் ரீஃப், மோவாப் என்று கிழக்கே போய், சால்ட் லேக் சிட்டியில் விமானம் ஏறுங்கள். வேகஸுக்குத் திரும்ப நினைத்தால் ஒரு நாள் சாலையிலேயே போய்விடும். தேசியப் பூங்கா பாஸ் விஷயத்தில் ஒரு புது மாற்றம்: அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு ஆண்டு பாஸ் 80 டாலர். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு 2026 முதல் 250 டாலர் ஆக்கிவிட்டார்கள். ஊரிலிருந்து வந்தவர்கள் தனியாகக் கார் எடுத்துப் போகும் திட்டம் இருந்தால் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால்: அப்பா அம்மாவும் கூட இருந்து மாதம் அக்டோபராக இருந்தால், யோசிக்காமல் நாரோஸ். அதே குடும்பம் மே மாதம் வந்தால் அப்பர் ஆன்டிலோப், காலை முதல் டூர். ஒளிக்கற்றை போனாலும் பரவாயில்லை. கணவன் மனைவி, அல்லது நாலு நண்பர்கள், நடக்கத் தெம்பு, ஏப்ரல் கடைசி அல்லது அக்டோபர் என்றால் வயர் பாஸ். அதில் மிஞ்சும் பணத்தில் ஸ்பிரிங்டேலில் ஒரு நல்ல அறை எடுக்கலாம். ஜூலை, ஆகஸ்ட் என்றால் ஆன்டிலோப் மட்டும், அதிலும் காலை நேரம். அங்கே வானிலையைப் பார்த்து டூரை நிறுத்த ஆள் இருக்கிறது, மற்ற இடங்களில் அந்த முடிவு உங்கள் தலையில்.

அந்த முடிவை எடுப்பதற்கு உதவி உண்டு. அமெரிக்க வானிலைத் துறை ஒவ்வொரு நாளும் இந்தப் பகுதிகளுக்குத் தனித்தனியாகத் திடீர் வெள்ள வாய்ப்பை நாலு படியாக வெளியிடுகிறது: வராது, வரலாம், அநேகமாக வரும், கட்டாயம் வரும். ‘வரலாம்’ என்று இருந்தாலே நான் இடுக்குக்குள் இறங்க மாட்டேன். அன்றைக்கு ஸயானில் இருந்தால் டனல் வழியாகக் கிழக்குப் பக்கம் ஒரு டிரைவ் போகலாம். மழை வந்தால் செங்குத்துப் பாறைகளிலிருந்து திடீர் அருவிகள் கொட்டும், காருக்குள் உட்கார்ந்தே பார்க்கலாம். வயர் பாஸுக்குக் கட்டிய 6 டாலர் போனால் போகட்டும்.